மூன்று மீன் தொட்டிகள், ஒரே சுவர்: சமப்படுத்த வேண்டியது அடியையா, நீர்மட்டத்தையா?

வணக்கம். இந்த வாரச் சந்தேகம் பெரம்பூரிலிருந்து ஒரு நேயர் கேட்டது. அவரிடம் நான்கடித் தொட்டி ஒன்று, இரண்டடித் தொட்டி ஒன்று, ஓரடிச் சதுரத் தொட்டி ஒன்று என மூன்று இருக்கின்றன. இரண்டாவது மாடி வீட்டின் ஹாலில், ஒரே சுவரோரமாக அவற்றை வரிசையாக வைக்க வேண்டும். மூன்றின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமா, மேல் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமா, ஒரே ஏர் பம்ப் மூன்றுக்கும் போதுமா என்று கேட்கிறார்.

மேல் விளிம்பைத்தான் சமப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. இன்னும் சரியாகச் சொன்னால், நீர்மட்டத்தை. அறைக்குள் வருபவரின் கண் முதலில் பிடித்துக்கொள்வது நீரின் மேல் கோட்டைத்தான். அது ஒரே கோடாக ஓடினால் மூன்றும் ஒரே அமைப்பாகத் தெரியும்; விளக்குகளையும் ஒரே உயரத்தில் மாட்டிவிடலாம். அடியைச் சமப்படுத்தினால் பெரியது, நடுத்தரம், சிறியது என்று கடையில் விலைக்கு அடுக்கி வைத்த பாத்திரங்களைப் போலத்தான் இருக்கும்.

கணக்கு எளிது. நான்கடித் தொட்டியின் உயரம் 18 அங்குலம், இரண்டடியின் உயரம் 15, சதுரத் தொட்டியின் உயரம் 12 என்று கொள்வோம். பெரியதற்கு 28 அங்குல ஸ்டாண்டு என்றால், அடுத்ததற்கு 31, சிறியதற்கு 34 அங்குலம் வேண்டும். ஆனால் 34 அங்குல உயரத்தில், ஓரடி அகலமே உள்ள தனி ஸ்டாண்டின் உச்சியில் 28 லிட்டர் தண்ணீர் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. குழந்தை ஓடிவந்து மோதினாலே சாய்ந்துவிடும். ஆகவே சதுர பைப்பில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்டாண்டாக அடித்து, சிறிய தொட்டிகள் அமரும் இடங்களில் மட்டும் சட்டத்தை உயர்த்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொட்டியின் இரு முனைகளுக்கு அடியிலும் கால் வர வேண்டும். ஒரு தொட்டியின் பாதி ஒரு ஸ்டாண்டிலும் மறுபாதி வேறொரு ஸ்டாண்டிலும் அமரும்படி மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ஒரு ஸ்டாண்டு இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் அடிக்கண்ணாடியில் விரிசல் விழக்கூடும்.

எடையைப் பற்றி அவர் கேட்கவில்லை; ஆனால் இரண்டாவது மாடி என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். 48 × 18 × 18 அங்குலத் தொட்டியை முழுவதும் நிரப்பினால் ஏறத்தாழ 255 லிட்டர், அதாவது 255 கிலோ தண்ணீர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவை நெருங்கிவிடும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற அளவில் வடிவமைப்பது நம் நாட்டுத் தர விதி. இந்தத் தொட்டியோ அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான் இடம் பிடிக்கிறது; ஆக, அதன் அடியில் மட்டும் சுமை அந்த அளவைத் தாண்டிவிடும். அறையின் நடுவில் வைக்காமல், அடியில் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தால் நல்ல காங்கிரீட் கட்டடத்தில் பொதுவாகத் தொல்லை வராது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் மர உத்திரமும் செங்கல்லுமாகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் குடியிருப்பவர்கள், பொறியாளரிடம் காட்டாமல் பெரிய தொட்டியை மாடிக்கு ஏற்ற வேண்டாம்.

முன்பக்கக் கண்ணாடிகள் ஒரே வரிசையில் நிற்கட்டும். அப்போது சிறிய தொட்டிகளின் பின்னால் ஆறு அங்குலம் இடம் கிடைக்கும். வயர்களையும் பில்டரையும் அங்கே மறைத்துக்கொள்ளலாம். தொட்டிக்கும் தொட்டிக்கும் இடையே துணியோடு கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் நடுவில் வழியும் நீர் உப்புப் படிந்து வெள்ளைக் கறையாகிவிடும். நம் ஊர் போர் தண்ணீருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். சதுரத் தொட்டியில் ஃபைட்டர் மீன் வளர்ப்பதாக இருந்தால், பக்கத்துத் தொட்டியைப் பார்த்த கண்ணாடியின் வெளியே கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தொட்டி மீனைப் பார்த்து அது நாள் முழுவதும் செவுளை விரித்துக்கொண்டே நின்று களைத்துப்போகும். ஜன்னல் ஓரத்துக்குச் சிறிய தொட்டியைத் தள்ளாதீர்கள். சென்னை வெயிலில் குறைந்த நீர் சீக்கிரம் சூடேறும்.

இனி ஏர் பம்ப். ஒன்றே போதும், ஆனால் மூன்று குழாய்களையும் அப்படியே பிரித்துவிட்டால், பெரிய தொட்டியில் ஒரு குமிழிகூட வராமல் போகலாம். 16 அங்குல ஆழத்தில் கிடக்கும் ஏர் ஸ்டோனை (குழாயின் நுனியில் குமிழி கிளப்பும் கல்) விட 10 அங்குல ஆழத்தில் கிடக்கும் ஏர் ஸ்டோனில் நீரின் அழுத்தம் குறைவு. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். எல்லாம் சிறிய தொட்டிக்கே போய்விடும். எனவே ஒவ்வொரு கிளைக்கும் தனி வால்வு போடுங்கள். எல்லா வால்வுகளையும் முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, ஆழம் குறைந்த தொட்டியின் வால்வை மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் பெரிய தொட்டியில் குமிழி கிளம்புவது தெரியும்.

பம்பை நீர்மட்டத்துக்கு மேலே, சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள். என் வீட்டில் ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். ஒரு மழைக்கால இரவில் மின்சாரம் போனதும் குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கி, விடியும்போது பம்பும் பாழ், தரை முழுக்க ஈரம். மேலே மாட்ட வழியில்லை என்றால், குழாயில் ஒருவழி வால்வாவது கட்டாயம் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே விதிதான். அது தொட்டிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

நிரப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் வடிவதற்காகத் தரையில் சிறிது சரிவு இருக்கும். ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்த பிறகு, பிளைவுட்டும் அதன்மேல் தெர்மோகோலும் விரித்துத் தொட்டிகளை ஏற்றுங்கள். முதலில் பெரியதை மட்டும் பாதி நிரப்பி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் ரசமட்டம் வையுங்கள். குமிழ் நடுவிலேயே நின்றால் மீதியையும், அதன் பிறகு மற்ற இரண்டையும் நிரப்பலாம்.