ஹெட்லைட் எச்சரிக்கை ஒலி: பழுது எங்கே இருக்கிறது?

[காட்சி: ஓட்டுநர் கதவு திறந்திருக்கிறது, முகப்பு விளக்குகள் எரிகின்றன, ஒலி இல்லை]

வணக்கம். விளக்கை அணைக்க மறந்து, சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், காருக்குள் பஸ்ஸர் ஒலித்து நினைவூட்ட வேண்டும். அது ஒலிக்காவிட்டாலும், காரணமின்றி ஓயாமல் ஒலித்தாலும், உடனே பஸ்ஸரை மாற்றுவதோ, தொல்லை தீர்ந்தால் போதும் என்று அதன் ஒயரை வெட்டிவிடுவதோ சரியான வழி அல்ல. பஸ்ஸருக்குத் தகவல் தரும் ஸ்விட்சுகளை முதலில் சோதிக்க வேண்டும்.

ஒயரை வெட்டுவதால் வரும் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். முகப்பு விளக்கில் உள்ள எச்4 வகை பல்பின் லோ பீம் (தாழ் ஒளி) 55 வாட். இரண்டுக்கும் 110 வாட். பார்க் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றையும் சேர்த்தால் 130 வாட்டைத் தாண்டும். அதாவது, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 11 ஆம்பியர். சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி, நல்ல நிலையில் இருந்தாலும், சுமார் மூன்று மணி நேரத்தில் வற்றிவிடும். செல்ஃப் எடுக்கும் வலுவை அதற்கும் முன்பே இழந்துவிடும்.

[காட்சி: எளிய மின்சுற்றுப் படம்]

விளக்கு எரிய வேண்டும், இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும், ஓட்டுநர் கதவு திறந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் ஒலி எழும். தனி பஸ்ஸர் உள்ள பல பழைய கார்களில், பஸ்ஸரின் ஒரு முனைக்கு டெயில் லைட் லைனிலிருந்து மின்சாரம் வருகிறது; மறுமுனை கதவு ஸ்விட்ச் வழியாக பாடி எர்த்தை, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த காரின் உலோக உடலைச் சேர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கதவு திறந்திருப்பதை ஸ்விட்ச் எர்த் மூலமாகவே தெரிவிப்பதால், அதன் ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டாலும், மூடிய கதவு திறந்திருப்பதாகவே பஸ்ஸர் எடுத்துக்கொள்ளும்.

முதலில், ஒலி வராத காரைப் பார்ப்போம். ரூம் லைட்டின் ஸ்விட்சைக் கதவுக்குரிய நிலையில் வைத்து ஓட்டுநர் கதவைத் திறங்கள். மற்ற கதவுகளுக்கு எரியும் விளக்கு இந்தக் கதவுக்கு மட்டும் எரியவில்லை என்றால், இந்தக் கதவின் ஸ்விட்சோ அதன் ஒயரோதான் காரணம். விளக்கு எரிந்தால், காரின் பின்புறம் சென்று டெயில் லைட்டைப் பாருங்கள். இரு பக்கமும் எரியாவிட்டால் அந்த லைனின் ஃபியூஸைச் சோதித்து, போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸரின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அங்கே ஏறக்குறைய 12 வோல்ட் காட்டியும் ஒலி வரவில்லை என்றால் மட்டுமே பஸ்ஸரை மாற்ற வேண்டும்.

டாஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால், அவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

[காட்சி: கதவுத் தூணில் உள்ள பின் வகை ஸ்விட்ச், அருகிலிருந்து]

இனி, ஓயாத ஒலி. சாவியை எடுத்ததும் அது நின்றுவிட்டால், அது சாவியை மறந்ததற்கான எச்சரிக்கை. விளக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. விளக்கை அணைத்தால்தான் நிற்கிறது, கதவை மூடினாலும் நிற்கவில்லை என்றால், கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பாருங்கள். மழைநீர் இறங்கி, ஸ்விட்சின் பின் (கதவு அழுத்தும் சிறு கம்பி) துருப்பிடித்து, உள்ளே போகாமல் வெளியிலேயே சிக்கி நிற்பதுண்டு. மாறாக, வெளியே வராமல் உள்ளேயே சிக்கினால் ஒலியே வராது. கதவுப் பூட்டுக்குள்ளேயே ஸ்விட்ச் இருக்கும் கார்களில், கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதனுள் இருக்கும் ஒயர் மடங்குவதால், நாளடைவில் அங்கே தோல் உரிந்து பாடியில் படக்கூடும்.

என்ஜின் ஓடும்போதும் ஒலித்தால், இக்னிஷன் தகவல் போய்ச் சேரவில்லை என்று பொருள். அதற்குரிய ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள்.

புதிய கார்களில் தனி பஸ்ஸர் இல்லை. மூன்று தகவல்களையும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்கு, கதவு போன்றவற்றைக் கவனிக்கும் சிறு கணினி) பெற்றுக்கொள்ள, ஒலி பெரும்பாலும் மீட்டர் கன்சோலிலிருந்து வருகிறது. காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியின் நேரடித் தகவல் திரையைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து மூடினால், தகவல் மாறுகிறதா என்பது தெரிந்துவிடும். ஸ்கேனர் இல்லாதவர்கள் சீட் பெல்ட் அணியாமல் இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலித்தால் கன்சோலின் ஒலிப்பான் வேலை செய்கிறது, அதைக் கழற்ற வேண்டியதில்லை.