பீப்பாய்க்குப் பின்னால் இருக்கும் பீர்

நேயர்களுக்கு வணக்கம்.

கறுத்து, கனத்து, 11 முதல் 14 சதவீதம் வரை ஆல்கஹால் ஏறிய ஒரு பீர். மரப்பீப்பாயில் எட்டு மாதம், ஒரு வருடம் என்று கிடந்து, பிறகு பல பீப்பாய்களிலிருந்து எடுத்துக் கலந்து பாட்டிலில் அடைத்தது. பெரும்பாலும் இம்பீரியல் ஸ்டவுட், அதாவது வறுத்த தானியம் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு பீரில் கனமான வகை. இதை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் விஸ்கி வாசனை, வெனிலா வாசனை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, பீப்பாய் தானாகவே முன்னால் வந்து நிற்கும். அதன் பின்னால் பீர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

பீப்பாய் என்ன கொடுக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். போர்பன் விஸ்கியை உள்பக்கம் கரியாகும்படி எரித்த புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. ஆகவே சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் பீர் காய்ச்சுவோரிடம் வந்து சேர்கின்றன. மரப்பலகைக்குள் இன்னும் சில லிட்டர் விஸ்கி ஊறிக் கிடக்கும். அது பீரில் இறங்குவதால் ஆல்கஹால் ஒன்றிரண்டு சதவீதம் கூடுவதும் உண்டு. மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலா மணம் வருகிறது. தேங்காய் மணத்துக்குக் காரணம் ஓக் லாக்டோன். கிராம்பு மணம் யூஜினால், புகை மணம் குவையகால், துவர்ப்பு டானின்.

ஒரே நாளில் காய்ச்சிய ஒரே பீரை இருபது பீப்பாய்களில் நிரப்பினாலும் இருபதும் ஒன்றுபோல் வராது. மேலடுக்கில் இருந்தது வெப்பத்தில் வேகமாக முதிர்ந்திருக்கும். ஒன்றில் பலகை இடுக்கு வழியாகக் காற்று கூடுதலாகப் புகுந்திருக்கும். இன்னொன்றில் விஸ்கி தூக்கலாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சுவைத்துத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். மேலே உள்ள அடைப்பைத் திறந்தால் காற்று புகுந்துவிடும் என்பதால், பீப்பாயின் முகப்புப் பலகையில் ஆணியைவிடக் கொஞ்சம் சிறிய துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஆணி ஒன்றை அடித்து வைக்கிறார்கள். குறடால் ஆணியை இழுத்தால் நூல்போல் பீர் பீய்ச்சி வரும். 50 மில்லி பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்பச் செருகிவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்னி சிலுர்சோ பரப்பிய முறை இது. ஆணிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

கலப்பது இந்தக் காலத்துப் புதுமை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் கிரீன் கிங் நிறுவனம் ஓக் மரத்தொட்டியில் இரண்டு வருடம் வைத்த, 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஓல்ட் 5எக்ஸ் என்ற பீரை, 5 சதவீதம் உள்ள புது பீரோடு கலந்து ஸ்ட்ராங் சஃபோக் என்று விற்றுவந்தது. கலந்தபின் ஆல்கஹால் 6 சதவீதம்தான். கணக்குப் போட்டால், பழையது ஏழில் ஒரு பங்கு. கலவையின் குணத்துக்கு அந்த ஒரு பங்கே போதும். கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் 2006 முதல் தன் ஆண்டுவிழா பீருக்காகச் சுற்றுவட்டாரத்து ஒயின் தயாரிப்பாளர்களை அழைத்துக் கலவை போட வைத்தது. பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்து விகிதம் முடிவு செய்வது அவர்களுக்கு அன்றாட வேலை. பொருத்தமான அழைப்பு.

இனி கிளாஸுக்கு வருவோம். பாட்டிலைக் குளிர்ச்சியோடு அப்படியே ஊற்றினால் இனிப்பும் கசப்பும் மட்டும்தான் தெரியும், மணம் உறங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே நிமிர்த்தி வையுங்கள். 10 டிகிரியில் தொடங்கி 16 டிகிரி வரை அது சூடேறும்போது படிப்படியாகப் பார்க்க வேண்டும். 18-ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். சோப்பு வாடை துளியும் இருக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 60 மில்லி போதும். 13 சதவீத பீர் 100 மில்லி என்பது 5 சதவீத பீர் 260 மில்லிக்குச் சமம் என்பதை மனதில் வையுங்கள். ஒரு அமர்வில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். இடையில் குளிரில்லாத தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும்.

ஊற்றியதும் நுரையைப் பாருங்கள். ஆல்கஹால் அதிகம் என்பதால் பழுப்பு நுரை சீக்கிரம் அடங்குவது இயல்பு. நுரையே எழவில்லை என்றால் வாயு போதவில்லை. இவ்வளவு இனிப்பு எஞ்சிய பீரில் வாயு இல்லாவிட்டால் பாகு குடிப்பதுபோல் ஆகிவிடும். நிறத்தில் பார்க்க அதிகம் இல்லை. கறுப்பு, அவ்வளவுதான்.

முகர்வதில் அவசரம் கூடாது. மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மழுங்கடித்துவிடும். விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்து, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை. முதலில் சுழற்றாமல், பிறகு சுழற்றி. முதல் சுற்றில் பீப்பாய் வந்து போகும். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி எடுங்கள். வறுத்த பார்லியின் காப்பி மணம், இனிப்பில்லாத சாக்லேட், உலர்திராட்சை, கரும்புப்பாகு, அதிமதுரம் இவற்றில் ஏதாவது இப்போது மேலே வர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் வெனிலாவும் மரமும் மட்டும்தான் என்றால், உள்ளே வைத்த பீர் பீப்பாயைத் தாங்கும் பலம் இல்லாதது. அல்லது அளவுக்கு மீறி வைத்துவிட்டார்கள்.

முதல் மிடறை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது நாக்கை ஆல்கஹாலுக்குப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறு ஒரு டீஸ்பூன் அளவு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு, ஐந்து விநாடி வைத்திருந்து, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை விடுங்கள். பாதி மணம் அப்போதுதான் பின்வழியாக மூக்கை எட்டும். வறுத்த தானியத்தின் கசப்பையும் மரத்தின் துவர்ப்பையும் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். விழுங்கியபின் நாக்கின் நுனியால் மேல் ஈறைத் தடவிப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரவென்று இழுத்தால் அது டானின். கசப்பு நாக்கின் பின்பகுதியில் தங்கும், ஈறை உலர்த்தாது.

கலவை சரியாக அமைந்ததா என்பது நடுவில் தெரியும். மோசமான கலவையில் தொடக்கத்தில் விஸ்கி சுள்ளென்று வரும், முடிவில் மரம் வரும், இடையில் ஒன்றுமே இருக்காது. நெடுநாள் பீப்பாயில் கிடந்த பீரில் வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) மணமும், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் தேய்ந்துவிடுவதுதான் காரணம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பத்து, இருபது சதவீதம் பீப்பாய் பார்க்காத புது ஸ்டவுட்டைச் சேர்க்கிறார்கள். விலையைக் குறைக்க நீர்த்துப்போக வைக்கிறார்கள் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. நூறு சதவீதம் பீப்பாய் என்று லேபிளில் போட்டிருந்தால் உயர்ந்தது என்று நினைப்பது வீண் மயக்கம்.

குறைகளுக்கு வருவோம். வினிகர் புளிப்பு என்றால் அசிட்டோபேக்டர் நுண்ணுயிரிக்குக் காற்று கிடைத்திருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி பெரும்பாலும் அதற்குத் துணையாக வரும் எத்தில் அசிட்டேட். பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு. நனைந்த அட்டை வாடை ஆக்ஸிஜன் ஏறியதால். சோயா சாஸ், இறைச்சிச் சாறு மாதிரி இருந்தால் செத்த ஈஸ்ட் சிதைந்து கரைந்திருக்கிறது. ஷெர்ரி ஒயின் மணத்தை மட்டும் எடுத்த எடுப்பில் குறையாக எழுதிவிடாதீர்கள், லேசாக இருந்தால் உலர்பழத்தோடு இசைந்துபோகும். வெந்தயத்தை நினைவூட்டும் சோடோலான் என்ற பொருளும் அப்படித்தான். தொண்டையில் கரைப்பான் மாதிரி எரிந்தால் பழி பீப்பாய்மேல் இல்லை. அதிக வெப்பத்தில் நொதித்தபோது உண்டான ஃபியூசல் ஆல்கஹால் அது. எவ்வளவு காலம் வைத்தாலும் போகாது.

கெட்ட பீப்பாயைக் கொஞ்சமாகச் சேர்த்து ஒளித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. புளித்த பீப்பாயிலிருந்து ஐந்து சதவீதம் சேர்த்தால் சுவையில் தெரியாமலே போகலாம். ஆனால் அதோடு போகும் நுண்ணுயிரி பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று பெருகும். சில மாதத்தில் மொத்தமும் புளிக்கும், திறந்தால் பீறிடும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் தன் 2015 போர்பன் கவுன்ட்டி பீர்களில் சிலவற்றை 2016-ல் திரும்பப் பெற்றது. லாக்டோபேசில்லஸ் அசிட்டோடாலரன்ஸ் என்ற பாக்டீரியா தொற்றிப் புளித்ததே காரணம். அதன்பின் அவர்கள் பாஸ்டரைஸ் செய்யத் தொடங்கினார்கள்.

கலவையை நாக்குக்குப் பழக்க ஒரு சோதனை. பீப்பாயில் முதிர்ந்த 13 சதவீத ஸ்டவுட் ஒன்றும், 6 சதவீதமுள்ள சாதாரண ஸ்டவுட் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். மில்லி கோடு போட்ட சிரிஞ்சு போதும். மூன்று கிளாஸ்: ஒன்றில் கலக்காதது 50 மில்லி, ஒன்றில் 45-க்கு 5, ஒன்றில் 40-க்கு 10. ஆல்கஹால் முறையே 13, 12.3, 11.6 என்று நிற்கும். ஆல்கஹாலை இப்படி விகிதத்தால் கணக்கிடலாம், புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை அப்படிச் சராசரி எடுக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். கிளாஸின் அடியில் அடையாளம் ஒட்டி, எது எது என்று தெரியாதபடி இன்னொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். சுவைக்கும்போது நடுப்பகுதியை மட்டும் கவனியுங்கள். சிரிஞ்சில் வேகமாக அழுத்தினால் வாயு போய்விடும், பிறகு ஒப்பிட்டுப் பயனில்லை, ஆகவே கிளாஸின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். பாட்டிலில் மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மறுபடி பாருங்கள். ஷெர்ரி மணம் கூடியிருக்கும், வாயு குறைந்திருக்கும். அதற்கடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

வணக்கம்.