பெயர் இரண்டு, பாதை ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். கட்டடங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில்.

ஒரு தங்கும் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. "பிரிண்டர் தானாவே பேப்பரைத் தள்ளுது சார், வந்து பாருங்க" என்றார் மேலாளர். போனேன். இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து, விருந்தினருக்கான வைஃபையில் என் போனை இணைத்து, பிரிண்ட் கொடுக்கப் போனால், கீழே வரவேற்பு மேஜையில் இருக்கும் பிரிண்டரின் பெயர் வந்து நிற்கிறது! யாரோ ஒரு விருந்தினர் தெரியாமல் அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்குப் பிரிண்டர் கவலை இல்லை. அதே மேஜைக் கணினியில்தான் தங்க வருகிறவர்களின் அடையாள அட்டை நகல்கள் இருந்தன. பிரிண்டரை எட்டிய போன் அந்தக் கணினியின் கதவையும் தட்டலாம்.

"அலுவலகத்துக்கு ஒரு வைஃபை, கெஸ்ட்டுக்கு ஒரு வைஃபை, பாஸ்வேர்டும் வேற வேற போட்டிருக்கோமே" என்றார் மேலாளர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெயரும் பாஸ்வேர்டும் வாசலில் மட்டும்தான் வேறு. உள்ளே நுழைந்தபின் இரண்டும் ஒரே கூடத்தில் வந்து சேர்ந்தால் என்ன பயன்?

உள்ளேயும் பிரிக்கத்தான் வி-லேன், அதாவது ஒரே ஒயரில் ஓடும் நெட்வொர்க்கை எண் கொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை. விருந்தினர் வைஃபை வழியாக வரும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும், அதை ஒயருக்குள் அனுப்பும்போது ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையைப் பரப்பும் பெட்டி) 4 பைட் அளவுக்கு ஓர் அடையாளம் செருகும். அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 1 முதல் 4094 வரை எதையும் வைக்கலாம். 802.1க்யூ என்ற இந்தத் தரமுறை 1998-இல் வெளிவந்தது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் பேசும் பொது மொழி.

நாங்கள் அலுவலகத்துக்கு 10, விருந்தினருக்கு 20, கேமராக்களுக்கு 30 என்று வைத்தோம். ஒயர்கள் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்ச்சில், ஆக்சஸ் பாயின்ட் செருகியிருக்கும் போர்ட்டை ட்ரங்க் (பல வி-லேன்களைச் சுமக்கும் பாதை) ஆக்கினால்தான் ஒரே ஒயரில் மூன்று எண்களும் கலக்காமல் போகும். முதல் மாடியில் ஒரு பழைய சாதாரண ஸ்விட்ச் கிடந்தது. அதற்கு இந்த எண்ணைப் படிக்கத் தெரியாது. அதை மாற்றச் சொன்னேன். செலவுதான், வேறு வழியில்லை.

அடுத்தது ரவுட்டர், ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழிவிடும் பெட்டி. நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. வி-லேன்களைப் பிரித்து வைத்தாலும், தடை விதி எழுதாவிட்டால் பல ரவுட்டர்கள் 20-இல் இருப்பவரைத் தாராளமாக 10-க்குக் கூட்டிப்போய் விட்டுவிடும். விருந்தினருக்கு இணையம் மட்டும், மற்ற வி-லேன்களுக்கு அனுமதி இல்லை என்று ரவுட்டரின் ஃபயர்வாலில், அதாவது எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் விதிகளில், எழுதியாக வேண்டும். ஒரு விருந்தினர் போன் இன்னொரு விருந்தினர் போனைப் பார்க்காமலிருக்க, ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷனையும் போட்டுவிடுங்கள்.

ஆசைப்பட்டு ஏழெட்டு வைஃபை பெயர் வைக்காதீர்கள். ஒவ்வொரு பெயரும் வினாடிக்குப் பத்துத் தடவை "நான் இருக்கிறேன்" என்று காற்றில் கூவிக்கொண்டே இருக்கும். வி-லேன் காற்றைப் பிரிப்பதில்லை. அலைவரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் அதே அறைக்குப் போய், மேலாளரின் போனிலேயே தேடச் சொன்னேன். பிரிண்டர் பட்டியல் காலி. எந்த போர்ட்டுக்கு எந்த எண் என்று தாளில் எழுதி, ஸ்விட்ச் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்து ஒயரைப் பிடுங்கப் போகிறவருக்கு அது தெரிய வேண்டுமல்லவா.