ரசீதில் வாய் திறக்காத எழுத்து

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா கேட்ட கேள்வி இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். ஆங்கிலத் தேர்வில் ‘ரிசீட்’ என்ற சொல்லை, கடை ரசீதில் மலாயில் அச்சடித்திருக்கிறபடியே எழுதிவிட்டான்: ஆர், இ, எஸ், ஐ, டி. ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டார். “மலாயில் இல்லாத பி ஆங்கிலத்துக்கு மட்டும் எதற்கு? அது வாயே திறப்பதில்லையே?” என்கிறார் அக்கா.

முதலில், பையன் எழுதியதும் ஓர் ஆங்கிலச் சொல்தான். ‘ரீசிட்’ என்றால் தேறாத தேர்வை மறுபடி எழுதுவது. அதைப் போய்த் தேர்வுத் தாளிலேயே எழுதி வைத்திருக்கிறான்!

சரி, அந்த பி எழுத்துக்கு வருவோம். லத்தீனில் இது ‘ரெசெப்டா’. அங்கே பி ஒலித்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது தேய்ந்துபோனது. ஆங்கிலேயரும் பி இல்லாமல்தான் வாங்கினார்கள். பிற்பாடு லத்தீன் படித்தவர்கள், பூர்வீகம் தெரியட்டும் என்று எழுத்தில் மட்டும் அதைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மலாயில் காதில் விழுந்ததை எழுதினார்கள், வம்பே இல்லை.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஊமை எழுத்து சொந்தக்காரர் வீட்டில் பேசும். ரிசீட்டில் பேசாத பி, கல்யாண ரிசெப்ஷனில் பேசுகிறது. கடனுக்கு ‘டெட்’ என்கிறோமே (செத்துப்போன டெட் இல்லை), அதில் ஒரு பி ஊமை. பேராவின் பி இல்லை, பத்து காஜாவின் பி, அதாவது ஏக்கு அடுத்து வரும் பி. டெபிட் கார்டில் அது நன்றாகவே பேசும்.

டெபிட் என்றதும் எங்கள் தோட்டத்து மளிகைக் கடைதான் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு அங்கே உள்ளங்கை அளவில் 555 என்ற கடன் கணக்குப் புத்தகம் ஒன்று. சம்பளம் வரும்வரை அரிசி, நெத்திலி எல்லாம் அதில் ஏறும். கடைக்காரர் ‘பற்று’ என்று எழுதுவார். அந்தப் பற்றுதான் டெபிட். ஒருமுறை புள்ளி சரியாக விழாமல் 4.20 வெள்ளி 420 ஆகப் பார்த்தது. அன்றிலிருந்து அம்மா, “புள்ளிய அழுத்தி வைங்க” என்று சொல்லாமல் கடையை விட்டு நகர மாட்டார்.

ஆனால் அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. எல்லா ஊமை எழுத்துக்கும் சொந்தம் உண்டா? கிடையாது. தீவுக்கு ‘ஐலண்ட்’. நடுவில் ஓர் எஸ் நிற்கிறது. அது பழைய ஆங்கிலச் சொல், எஸ் அதில் இருந்ததே இல்லை. லத்தீன் ‘இன்சுலா’ வழியில் வந்த ‘ஐல்’ என்ற சொல்லைப் பார்த்து, இதுவும் அந்த வீட்டுப் பிள்ளை என்று ஒட்டிவிட்டார்கள். கூப்பிடாத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த ஆள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஏமாற்று என்று பொருள்படும் ‘டிசீட்’. ரிசீட்டோடு கூடப்பிறந்தது, அதற்கு மட்டும் பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பையன் இனி அதிலும் பி போட்டு வட்டம் வாங்கி வந்தால், அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் அக்கா.