இருவாச்சிக்கு ஒரு மரப்பொந்து

[காட்சி: ஆனைமலையின் மழைக்காடு, விடியற்காலை. மூடுபனிக்கு மேல் ஓங்கி நிற்கும் மரங்கள். தொலைவிலிருந்து நெருங்கி வரும் பலத்த காற்றோசை.]

நீராவி எஞ்சின் மூச்சு வாங்கியபடி நெருங்கி வருவதைப் போலக் கேட்கும் இந்த ஓசையை எழுப்புவது ஒரு பறவையின் சிறகுகள். பறப்பதற்கான பெரிய இறகுகளின் அடிப்பகுதியைக் கீழ்ப்புறத்தில் மூடும் சிற்றிறகுகள் பிற பறவைகளுக்கு உண்டு. இதற்கு அவை போதிய அளவில் இல்லை. எனவே ஒவ்வொரு சிறகடிப்பிலும் இறகுகளின் இடைவெளி வழியே காற்று பீறிட்டுச் செல்கிறது. மலை இருவாச்சி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். மலையை முழங்கச் செய்வது என்ற பொருளில், மலையாளத்தில் இதனை 'மலமுழக்கி' என்று அழைக்கிறார்கள்.

[காட்சி: உயரக் கிளையில் வந்தமரும் ஆண் பறவை. அண்மைக் காட்சி.]

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இப்பறவை, இந்தியாவில் வாழும் இருவாச்சி இனங்களிலேயே மிகப் பெரியது. கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து, வெள்ளை வாலின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, கீழ்நோக்கி வளைந்த மஞ்சள் அலகு. அந்த அலகின் மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கிறது. இரண்டு வாய்கள் இருப்பதைப் போலத் தோன்றுவதால்தான் இருவாச்சி என்ற பெயர் வந்தது என்பர். பார்வைக்குப் பாரமாகத் தெரிந்தாலும் அதன் உட்புறம் பெரும்பாலும் வெற்றிடமே. ஆணின் கருவிழிப்படலம் செந்நிறமாகவும் பெண்ணுடையது வெண்ணிறமாகவும் இருப்பதால், கண்ணைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். இன்னொரு வியப்பு, கழுத்திலும் சிறகிலும் தெரியும் மஞ்சள். வாலின் அடியிலுள்ள சுரப்பியில் ஊறும் எண்ணெயை அலகால் எடுத்துப் பூசிக்கொள்வதால் வெள்ளை இறகுகள் மஞ்சளாகின்றன.

[காட்சி: பெருமரத்தின் தண்டில் ஒரு செங்குத்தான பிளவு.]

இந்தப் பறவையின் வாழ்வும் அழிவும் இந்தப் பிளவுக்குள் அடங்கியிருக்கின்றன. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைந்து பொந்து உண்டாக்க இருவாச்சியால் இயலாது. கிளை முறிந்த இடம் பல ஆண்டுகளாக உளுத்து, தானாகவே உருவான பொந்துதான் அதற்கு வேண்டும். அதுவும் இவ்வளவு பெரிய பறவை குஞ்சோடு தங்கும் அளவுக்கு அகன்றதாக இருக்க வேண்டும். அத்தகைய பொந்து முதிர்ந்த பெருமரங்களில்தான் அமையும். ஆகவேதான் ஓர் இணை தனக்கு வாய்த்த பொந்தை எளிதில் விடாமல் ஆண்டுதோறும் தேடி வருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பனிக்காலம் முடியும் தறுவாயில் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் மரத்துகளையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாயிலைப் பூசி அடைக்கிறது. எஞ்சுவது அலகு நுழையும் அளவுள்ள ஒரு கீற்று மட்டுமே. உள்ளே ஒன்றோ இரண்டோ முட்டைகள் இட்டு, சுமார் 40 நாட்கள் அடைகாக்கிறது. அந்தக் காலத்தில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதாவது, தப்பிப் பறக்கவும் வழியின்றி, தன்னையும் தன் குஞ்சையும் முழுமையாக ஆணிடம் ஒப்படைத்துவிட்டு அது உள்ளே காத்திருக்கிறது.

[காட்சி: பொந்தின் வாயில், மிக அண்மையில். ஆண் தண்டைப் பற்றி அமர்கிறது.]

கவனித்துப் பாருங்கள். ஆணின் அலகு வெறுமையாகத் தெரிகிறது. தலையை ஒருமுறை உதறியதும் தொண்டைக்குள்ளிருந்து ஓர் அத்திப்பழம் அலகின் நுனிக்கு ஏறி வருகிறது. கீற்றின் வழியே நீளும் இன்னோர் அலகு நுனி அதை மெல்ல வாங்கிக்கொள்கிறது. மறுபடியும் ஓர் உதறல், மற்றொரு பழம். இப்படி ஒரே வருகையில் பல பத்துப் பழங்களை அது ஊட்டிவிடும்.

இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும், அதற்கு அப்பால் சுமத்ரா வரையிலும் மலை இருவாச்சி காணப்படுகிறது. ஆலும் அத்தியும் அதன் அன்றாட உணவு. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் முதலியவற்றின் பழங்களையும் விழுங்கி, விதைகளைத் தொலைவில் உமிழ்ந்து அம்மரங்களைப் பரப்புகிறது. பெரிய விதைகளைச் சுமந்து செல்லும் வாயகன்ற பறவைகள் காட்டில் மிகச் சிலவே என்பதால், இதன் மறைவு அம்மரங்களையும் பாதிக்கும்.

[காட்சி: வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாக நிற்கும் சோலைத் துண்டுகள்.]

தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் காடுகள் வெட்டப்பட்டபோது முதலில் வீழ்ந்தவை முதிர்ந்த மரங்களே. எஞ்சிய துண்டுக்காடுகளில் பழம் கிடைத்தாலும் பொந்து கிடைப்பதில்லை. வேட்டையோ இன்னும் கொடியது. இறைச்சிக்காகவும் அலகுக்காகவும் ஓர் ஆணைச் சுட்டு வீழ்த்தினால், சுவருக்குள் அடைபட்டிருக்கும் பெண்ணும் குஞ்சும் பட்டினியில் தவிக்க நேரிடுகிறது. ஒரு தோட்டா ஒரு குடும்பத்தையே அழிப்பதால்தான் இந்த வேட்டையை என்னால் பிற வேட்டைகளோடு ஒன்றாக வைத்துப் பார்க்க இயலவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பறவை இடம்பெற்றுள்ளது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது.

[காட்சி: கேரளத்தின் வாழச்சால் காடு. கழுத்தை உயர்த்தி மர உச்சியை நோக்கும் காவலர்கள்.]

முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்துவந்த காடர் பழங்குடியினரே இன்று இங்கே கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? அருணாசலப் பிரதேசத்தில் தலையணியில் இருவாச்சி அலகைச் சூடும் நிஷி மக்களிடையே, கண்ணாடி இழையால் செய்த அலகுகள் புழக்கத்துக்கு வந்துள்ளன. தாய்லாந்தில் ஆய்வாளர்கள் மரமேறி, அடித்தளம் தாழ்ந்துபோன பொந்துகளில் மண்ணிட்டு உயர்த்தி, பறவைகள் மீண்டும் தங்க வழிசெய்கிறார்கள்.

[காட்சி: மீண்டும் ஆனைமலை, கோடையின் இறுதி.]

தாய் வெளியேறிய பிறகு வாயிலைத் தானே பூசி அடைத்துக்கொண்ட குஞ்சு, இன்று அதை உடைக்கிறது. உலர்ந்த பூச்சு சிதறி விழுகிறது. முதலில் அலகும், பிறகு தலையும் வெளிவருகின்றன. அலகின் மேல் புடைப்பு இன்னும் இல்லை. அது முழுமையாக வளர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். அருகிலுள்ள கிளையில் தாயும் தந்தையும் அமர்ந்து குரல் கொடுக்கின்றன. குஞ்சு கீற்றின் விளிம்பைக் காலால் பற்றியபடி, சற்று நேரம் தயங்கி நிற்கிறது.