பச்சை மையும் ஜேட்டாலாலும்: தாரக் மேத்தாவின் கதை

[திரையில்: மும்பை கோரேகாவ். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முற்றம். பெயர்ப் பலகையில் 'கோகுல்தாம் சொசைட்டி'.]

வணக்கம். திரையில் தெரிகிற இந்தக் குடியிருப்பில் யாரும் குடியில்லை. இது செட். ஆனால் வட இந்தியாவில் கோடிக்கணக்கான பேருக்கு இதன் எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்பது அத்துப்படி. 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்ற இந்தித் தொடர் 2008 ஜூலை 28 அன்று சப் டிவியில் ஆரம்பித்தது. 4000 எபிசோடைத் தாண்டிவிட்டது. மீம் பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட அதன் நாயகன் ஜேட்டாலாலின் மீசை தெரியும்.

தலைப்பில் பெயர் இருக்கிற தாரக் மேத்தாவைத்தான் தெரியாது. அவர் கதாபாத்திரம் மட்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. குஜராத்தியில் சுமார் 80 புத்தகம் எழுதிய நிஜ மனிதர் அவர். அதில் ஒரு பகுதியை எழுதிய காலத்தில் அவர் ஒரு மத்திய அரசு அதிகாரி.

[திரையில்: பழைய சினிமா தியேட்டர். கறுப்பு வெள்ளைச் செய்திப்படம் ஓடுகிறது.]

1929 டிசம்பர் 26, அகமதாபாத்தில் பிறந்தார். 1945-ல் மெட்ரிகுலேஷன். பி.ஏ. முடித்தது 1956-ல், மும்பை கால்சா கல்லூரியில். நடுவே பதினோரு வருட இடைவெளி. பிறகு மளமளவென்று, 1958-ல் எம்.ஏ., இரண்டுமே குஜராத்தி இலக்கியம். அதே வருடம் குஜராத்தி நாட்டிய மண்டல் என்ற நாடக அமைப்பில் செயலாளர் வேலை. ஒரு வருடம். அப்புறம் 'பிரஜாதந்திரா' நாளிதழில் துணையாசிரியர். அதுவும் ஒரு வருடம்.

1960-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்தார். அங்கேதான் 1986 வரை இருந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றால் உடனே ஞாபகம் வரும். எம்.ஜி.ஆர். படம் போட்டாலும் சரி, சிவாஜி படம் போட்டாலும் சரி, முதலில் ஒரு செய்திப்படம் ஓடும். எங்கோ வெள்ளம், எங்கோ அணை திறப்பு, ஒரு மந்திரி ரிப்பன் வெட்டுவார். பின்னால் கம்பீரமாக ஒரு குரல் தமிழில் விளக்கிக்கொண்டே போகும். தியேட்டர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. ஒரே படம் பல மொழிகளில் நாடு முழுக்கப் போகும். அப்படிப்பட்ட படங்களைத் தயாரித்த அலுவலகத்தில், குரலுக்குப் பின்னால் இருக்கும் வாசகத்தை எழுதுவதுதான் மேத்தாவின் வேலை. இந்த வீடியோவுக்கு நான் எழுதுவதைப் போலத்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் எனக்கு மேலே அமைச்சகம் இல்லை. அவருக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இருந்தது.

அதுவும் கெஜட்டட் ஆபீசர். சான்றிதழ் நகலோடு ஜனங்கள் தேடி அலைவார்களே, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அந்த வர்க்கம். அரசாங்கத்தின் குரலில் ஒரு பிசிறு இல்லாமல் எழுதுவதற்குச் சம்பளம் வாங்கியவர் அவர்.

[திரையில்: 'சித்ரலேகா' இதழின் பழைய அட்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக.]

அதே ஆள் 1971 மார்ச்சில் 'சித்ரலேகா'வில் ஒரு பத்தி ஆரம்பிக்கிறார். வஜு கோட்டக் 1950-ல் மும்பையில் தொடங்கிய குஜராத்தி வார இதழ் அது. பத்தியின் பெயர் 'துனியா நே ஊந்தா சஷ்மா'. உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிற மூக்குக் கண்ணாடி. பகலில் அணை திறப்பு விழா, ஆபீஸ் நேரம் போக ஜேட்டாலால். பத்தியில் வருகிற ஆட்களில் ஒருவர் பெயர் மட்கா கிங் மோகன்லால். மும்பையில் மட்கா சூதாட்டம் கொடிகட்டிப் பறந்த காலம். ஒரு கெஜட்டட் ஆபீசர், மட்கா கிங்கை வாராவாரம் வாசகர் வீட்டுக்கு அழைத்து வருகிறார்!

குஜராத்தியில் நகைச்சுவைக்கு அதற்கு முன்பும் பஞ்சமில்லை. 1900-லேயே ரமண்பாய் நீல்கண்ட், சமஸ்கிருதமயமான குஜராத்தி தவிர எதுவும் வாயில் வராத ஒரு வைதிகரைப் பம்பாய்க்கு ரயிலேற்றி ஒரு முழு நாவல் எழுதிவிட்டார். பிறகு ஜோதீந்திர தவே. தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் படித்த மனிதரின் கட்டுரைகள். மேத்தா வந்தபோது அந்தச் சிரிப்பு வரவேற்பறையை விட்டு இறங்கி மாடிப்படிக்கு வந்தது. கடைக்காரன், அவன் மனைவி, அடங்காத பிள்ளை, அதட்டுகிற அப்பா, எதிர்வீட்டுக்காரன் என்று மும்பைக் கட்டடம் ஒன்றில் வசிக்கிற குஜராத்திகள்தான் அவருடைய உலகம்.

இங்கே ஒரு விஷயம். பத்தி எழுத்தாளர் என்றே எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். எனக்கு அவர் அடிப்படையில் நாடகக்காரர். 'நவும் ஆகாஷ் நவீ தர்த்தீ' என்ற மூன்று அங்க நாடகம் 1964-ல் வந்துவிட்டது, அதாவது பத்திக்கு ஏழு வருடம் முன்பே. ஓரங்க நாடகங்களின் தொகுப்பு 1978-லும் 1983-லும் வந்தது. அவருடைய பத்தியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு நாடகக் குழு. நிரந்தர நடிகர்கள், நிரந்தர மேடை, வாராவாரம் புதுச் சிக்கல். ஒவ்வொருவருக்கும் ஒரு பலவீனம் நேர்ந்துவிடப்பட்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் தட்டினால் போதும், காட்சி தானாக ஓடும்.

அப்புறம், தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட வேஷம். பத்தியில் தாரக் மேத்தா என்று ஒருவர் வருகிறார். கதை சொல்பவரும் அவரே, அடி வாங்குபவரும் அவரே. சிக்கலை உண்டாக்குவது ஜேட்டாலால், தலையைக் கொடுப்பது மேத்தா. ஊரைக் கிண்டல் செய்கிற எழுத்தாளர்கள் பலர் தாங்கள் மட்டும் மேலே பால்கனியில் நின்றுகொள்வார்கள். இவர் கீழே முற்றத்தில் நின்றார். வாசகர்கள் அவரைப் பல பத்தாண்டுகள் சகித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

[திரையில்: தொடரிலிருந்து ஜேட்டாலால், அலைபேசியைக் காதில் வைத்தபடி.]

சரி, டிவிக்கு வருவோம். தயாரிப்பாளர் அசித் குமார் மோடி. அப்போது இந்தித் தொலைக்காட்சியில் குஜராத்திக் குடும்பம் என்றால் பட்டுப்புடவையும் மாமியார் சதியும்தான். நடுவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை ஜிலேபி-ஃபாஃப்டாவுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஜனங்களுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

நடிகர்களில் பலர் குஜராத்தி மேடையில் பழகியவர்கள். திலீப் ஜோஷிக்கு முதலில் பேசப்பட்டது அப்பா சம்பக்லால் வேடம். பத்திக்கு வரைந்த படங்களில் ஜேட்டாலால் ஒல்லியாக, சாப்ளின் மீசையோடு இருப்பாராம். அந்த உருவத்துக்குத் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தும், ஜேட்டாலாலை முயன்று பார்க்கிறேன் என்றார் ஜோஷி. சம்பக்லாலாக வந்த அமித் பட், ஜோஷியைவிட வயதில் இளையவர். அப்பா மகனைவிடச் சின்னவர்! ஆனாலும் அவர் "ஜேட்டியா!" என்று அதட்டும்போது ஜோஷியின் முகம் பத்து வயதுப் பையன் முகமாகச் சுருங்குவதைக் கவனியுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்க எந்த இயக்குநராலும் முடியாது, மேடை கொடுத்தது அது. ஜேட்டாலாலின் மனைவி தயாவாக வந்த திஷா வகானியும், தயாவின் தம்பி சுந்தராக வந்த மயூர் வகானியும் நிஜத்திலும் உடன்பிறந்தவர்கள்.

தாரக் மேத்தாவாக ஷைலேஷ் லோடா. ஜேட்டாலாலுக்கு அவர் 'ஃபயர் பிரிகேட்'. எங்கே தீப்பிடித்தாலும் "மேத்தா சாப்!" என்று போன் வரும். வீட்டிலோ மனைவி அஞ்சலி பாகற்காய்ச் சாறும் டயட் சாப்பாடும் வைத்துக்கொண்டு நிற்பார். ஊர் பிரச்சினையைத் தீர்க்கிறவருக்கு ஒரு வாய் பொரித்த பண்டம் கிடைக்காது.

தொடர் நிஜ மேத்தாவிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது, கொஞ்சம் கழுவியும் விட்டது. குஜராத்திக் கட்டடம் குட்டி இந்தியா ஆனது. பஞ்சாபி சோடி, மராத்தி பிடே, வங்காளி பபிதா. மட்கா கிங்குக்குச் சொசைட்டியில் வீடு கிடைக்கவில்லை. எல்லாப் பண்டிகையும் கொண்டாடி, ஒற்றுமை பேசி, குப்பை போடாதீர்கள் என்று சொல்லி முடிகிற எபிசோடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன்தான் ஞாபகம் வருகிறது. ஆபீஸில் எழுதியதிலிருந்து தப்பிக்க அவர் எழுதிய பத்தி, கடைசியில் சுற்றிவந்து ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறது.

நம்ம ஆளும் ஒருத்தர் இருக்கிறார். கிருஷ்ணன் ஐயர், சென்னை விஞ்ஞானி, பபிதாவின் கணவர். "ஐயய்யோ" சொல்வார், நெற்றியில் விபூதி. நடிப்பவர் தனுஜ் மகாஷப்தே, மராத்திக்காரர். அவர் நிறத்தை வைத்து வருகிற கிண்டல்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவரும் ஜேட்டாலாலும் முறைத்துக்கொண்டு நிற்கும் காட்சிகள் அருமை. தன் மனைவியைப் பார்த்தால் பக்கத்துவீட்டுக்காரன் ஏன் குழைகிறான் என்பது தெரிந்த மனிதனின் முறைப்பு அது.

[திரையில்: மேத்தாவின் கடைசிக்காலப் படம்.]

நிஜ மேத்தா 2000-ல் அகமதாபாத்துக்கே திரும்பிவிட்டார். 2015-ல் பத்மஸ்ரீ. 2017 மார்ச் 1 அன்று, 87 வயதில் காலமானார். உடல் தானம் செய்யப்பட்டது. அதே வருடம் மகப்பேறு விடுப்பில் போன திஷா வகானி திரும்பவே இல்லை. 2022-ல் லோடாவும் விலகினார். இப்போது சச்சின் ஷ்ராஃப் தாரக் மேத்தா.

பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதல் சில வருட எபிசோடுகளோடு ஆரம்பியுங்கள். தயா இருக்கும் வரை தைரியமாகப் பார்க்கலாம், அதற்குப் பிறகு இழுவை ஜாஸ்தி. குஜராத்தி படிக்கத் தெரிந்தவர்களுக்கு 1982-ல் வந்த 'தாரக் மேத்தாநோ டப்புடோ' இருக்கிறது. ஜேட்டாலாலின் அடங்காத பிள்ளை, டிவி டப்புவின் மூலப் பதிப்பு அதில்தான்.