தலைவரை உருவாக்குவது கேட்கும் பழக்கமே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சொல்வல்லவர்களே, எங்கள் அணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"நல்ல தலைவரை உருவாக்குவது பேச்சாற்றலா, கேட்கும் பழக்கமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறவர்தான் தலைவர் என்றார். எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தால் முடிவெடுக்க நேரம் ஏது என்றார். 1940-இல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலின் பேச்சுதான் ஒரு நாட்டையே தாங்கிப் பிடித்தது என்றார். நன்றாகவே பேசினார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், என் அறை வாசலில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் பதினோரு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு. ஒரு மாலை, மறுநாள் கொடுக்க வேண்டிய அறிக்கையில் மூழ்கிக் கிடந்தேன். குழுவிலேயே வயதில் இளைய பெண், மடிக்கணினியைப் பாதி மூடி நெஞ்சோடு பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம்" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே "இப்பவா?" என்றேன். அவ்வளவுதான். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்லை சார், அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டார்.

அப்புறம் அவர் வரவில்லை. நான்கு நாள் கழித்து, நாங்கள் கொடுத்த கணக்கில் ஒரு எண் தவறு என்று தெரிந்தது. அதற்குள் அந்த எண்ணை நம்பி மூன்று பிரிவுகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. இரண்டு வார உழைப்பு வீண். "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்த நொடியில்தான் எனக்கு வாசலும், பாதி மூடிய மடிக்கணினியும், என் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைச் சொல்லும் ஞாபகத்துக்கு வந்தன.

நடுவர் அவர்களே, நல்ல செய்தி தலைவரைத் தேடி ஓடி வரும். கதவு மூடியிருந்தாலும் தட்டிக்கொண்டு வரும். கெட்ட செய்தி அப்படி வராது. வாசலில் நின்று முதலில் முகத்தைப் பார்க்கும். முகம் சரியில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடும். ஒரு தலைவரை எடை போட அவர் மேடையில் என்ன பேசினார் என்று நான் பார்ப்பதில்லை. தவறு நடந்தால் அந்தச் செய்தி எத்தனை நேரத்தில் அவரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பேன். என் விஷயத்தில் அதற்கு நான்கு நாள் ஆனது. என் தகுதி அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டு வார வேலை போனால் மீட்டுவிடலாம். மீட்கவே முடியாத இடங்களும் உண்டு. 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையம். ஓடுபாதை முழுக்க மூடுபனி. இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் நிற்கின்றன, ஒன்றுக்கொன்று கண்ணில் படவில்லை. அதில் ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்துடையது. அதன் தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை. மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் மூத்தவர். அவர் விமானத்தை முன்னால் நகர்த்தத் தொடங்கியபோது, நமக்கு இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி சொன்னார். சரி, கேள் என்று தலைமை விமானி நிறுத்தினார். பறந்த பிறகு போக வேண்டிய வழிக்கான அனுமதி மட்டும் வந்தது. புறப்படும் அனுமதி வரவில்லை. தலைமை விமானி மறுபடி விமானத்தைக் கிளப்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் முறை சரியாகச் சொன்னவர் இரண்டாம் முறை ஏன் சொல்லவில்லை? அவர் உயிரோடு இல்லை, கேட்க வழியில்லை. ஆனால் தன்னைவிட மிகப் பெரிய ஒருவரை ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை தடுத்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று வேலைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் மட்டும் கேட்டார், அந்த இன்னொரு விமானம் இன்னும் விலகவில்லையா என்று. விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் மேலே எதுவும் கேட்கவில்லை. சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்த அறையில் அனுபவத்துக்குக் குறைவில்லை, துணிச்சலுக்கும் குறைவில்லை. தெரிய வேண்டிய சந்தேகம் பின்னிருக்கை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே நுழைய அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்த விபத்துக்குப் பின்னால் உலகெங்கும் விமானிகளின் பயிற்சி மெல்ல மெல்ல மாறியது. இளையவர் சந்தேகத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மூத்தவர் அதைக் காதில் வாங்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பது பிறவிக் குணம் இல்லை, பயிற்சியால் வரும் பழக்கம் என்று உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட துறை அது.

எதிரணித் தோழி ஒருவர் நடுவில் எழுந்து, இதெல்லாம் பயத்தைப் பற்றிய கதை, தலைமையைப் பற்றியது இல்லை என்றார். அம்மா, கீழே இருப்பவர் பயப்படாமல் பேசும்படி செய்வதைவிடப் பெரிய தலைமை வேலை என்ன இருக்கிறது?

2006-இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஆலன் முலாலி தலைவராக வந்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நிறுவனத்துக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அவர் வாராவாரம் வியாழக்கிழமை ஒரு கூட்டம் வைத்தார். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் வேலை நிலவரத்தை நிறத்தால் காட்ட வேண்டும். நன்றாகப் போனால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. கூட்டத்துக்குக் கூட்டம் எல்லாத் தாளும் பச்சை. நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கிறது, தாள்கள் மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கின்றன. நிறுவனம் இவ்வளவு இழக்கிறதே, சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டார்.

அப்புறம் ஒரு நாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பைக் காட்டினார். ஒரு புதிய வண்டியின் பின்கதவில் கோளாறு, அதனால் அறிமுகத்தையே நிறுத்தி வைத்திருந்தார். அறை அமைதியானது. இவர் வேலை இன்றோடு போச்சு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இவருக்கு யார் உதவ முடியும் என்று மேசையைச் சுற்றிக் கேட்டார். உதவ ஆள் கிடைத்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. 2014-இல் முலாலி ஓய்வுபெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர், முதல் சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ்.

அந்தக் கைதட்டல் எத்தனை நொடி நீடித்திருக்கும்? மூன்று? நான்கு? எதிரணியினர் ஒரு மணி நேரப் பேச்சால் சாதிக்கலாம் என்று சொல்வதை அந்த நான்கு நொடி சாதித்தது. 'உண்மையைச் சொல்லுங்கள்' என்று மேடையில் நூறு முறை முழங்கலாம். சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பார்த்துத்தான் அடுத்தவர் வாயைத் திறப்பார்.

சரி, சர்ச்சிலுக்கு வருகிறேன். எதிரணியின் பெரிய துருப்புச் சீட்டு அது. 1940-இல் அவர் பேச்சு அந்த நாட்டு மக்களுக்குத் தெம்பு தந்தது உண்மை, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதே 1940, ஜூன் 27 அன்று அவர் மனைவி கிளமென்டைன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருப்பவருக்குக் கடிதம்! முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். அதன் சாரம் இதுதான்: உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடம் நீங்கள் கடுமையாகவும் ஏளனமாகவும் நடக்கிறீர்கள், யாராவது ஒரு யோசனை சொன்னால் இகழ்கிறீர்கள், இப்படியே போனால் நல்ல யோசனையும் வராது, கெட்ட யோசனையும் வராது. நாடே அவர் பேச்சில் மயங்கியிருந்த மாதத்தில், அவர் காது மூடிக்கொண்டிருக்கிறது என்று பயந்த ஒருவர் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அந்தப் பயம் வீண் இல்லை. 1943-இல் வங்கத்தில் பஞ்சம். தானியம் அனுப்புங்கள் என்று இந்தியாவிலிருந்து வைஸ்ராய் கேட்டார். சர்ச்சிலின் சொந்த அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பாக இருந்த ஏமெரி கேட்டார். கேட்ட அளவு வரவில்லை, கேட்ட நேரத்திலும் வரவில்லை. இறந்தவர்கள் சுமார் முப்பது லட்சம் பேர் என்று கணிக்கிறார்கள். பஞ்சத்துக்குக் காரணங்கள் பல, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டவில்லை. ஆனால் நாவன்மையில் உலகம் கொண்டாடிய ஒரு தலைவரின் காதில் இத்தனை லட்சம் பேரின் பசி ஏறவில்லை. நடுவர் அவர்களே, இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கனக்கிறது. பேச்சாற்றலுக்கு இதைவிட வேறு உதாரணம் எதிரணிக்குக் கிடைக்கவில்லையா?

இனி, கேட்டுக்கொண்டிருந்தால் முடிவெடுக்க முடியாது என்ற வாதம். 1944 ஜூன். அதே உலகப் போரில், ஜெர்மனியை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்க ஜூன் 5 என்று நாள் குறித்தாகிவிட்டது. அந்தப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரிடம் ஸ்டாக் என்ற வானிலையாளர் வந்து, அன்றைக்குக் கடல் இடம் தராது என்கிறார். லட்சக்கணக்கான வீரர்கள் தயாராக நிற்கும் நேரத்தில் வானிலைக்காரர் சொல்லைக் கேட்டு நாளைத் தள்ளி வைக்கிறார் தளபதி. பிறகு சிறிது நேரத்துக்கு வானிலை தெளியும் என்று அதே ஸ்டாக் சொல்கிறார். ஐசனோவர் தன் தளபதிகளிடம் கருத்துக் கேட்கிறார். ஒருவர் போகலாம் என்கிறார், ஒருவர் தயங்குகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகலாம் என்று அவர்தான் முடிவெடுக்கிறார். படை ஜூன் 6-இல் இறங்கியது.

கேட்டதால் முடிவு தள்ளிப்போனது ஒரு நாள். கேட்காமல் ஐந்தாம் தேதியே கிளம்பியிருந்தால்? இன்னொன்றும் செய்தார். படை தோற்றால் வெளியிட ஒரு சிறு குறிப்பைத் தன் கையால் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். பழி ஏதாவது இருந்தால் அது என் ஒருவனுடையது என்று அதில் எழுதியிருந்தார். ஸ்டாக் பெயர் அதில் இல்லை, தயங்கிய தளபதியின் பெயரும் இல்லை. எல்லோரையும் கேட்டவர், பழியை யாரோடும் பங்கு போடவில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் மனிதர்கள் மனசுவிட்டுப் பேசுவார்கள். நாளை பழி நம் பக்கம் திரும்பாது என்ற நம்பிக்கை இருக்கும் அல்லவா?

நம் மொழியில் ஒரு அழகு பாருங்கள். செவிகொடுப்பதற்கும் 'கேள்' என்கிறோம், வினவுவதற்கும் 'கேள்' என்கிறோம். பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவு என்றும் பொருள், கேளிர் என்றால் உறவினர். சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாங்கள் கேட்பது என்று சொல்லவில்லை. சொன்னதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மாறும். முதல் பதில் மரியாதைக்குச் சொல்வது. "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தால் வருகிறதே, அதுதான் விஷயம். நெல்சன் மண்டேலா சிறுவனாக இருந்தபோது, தன்னை வளர்த்த ஆட்சியாளர் கூட்டங்களில் எல்லோரும் பேசி முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் முதலில் கருத்தைச் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு கருத்துதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிடத்தில் முடிக்கிறேன்.

அந்த நான்கு நாள் கதைக்குப் பிறகு நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், குழுவினர் எல்லோர் முன்னிலையிலும். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு சொல்லால் மூடிய வாசல் ஒரு மன்னிப்பால் திறந்துவிடாது. என் மேசையைத் திருப்பிப் போட்டேன், வாசல் கண்ணில் படும்படி. யார் வந்து நின்றாலும் முதலில் திரையை மூடினேன், அப்புறம்தான் பேச்சு. மாதங்கள் ஓடின. வருவார், நல்ல செய்தி மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு மாலை, அதே போல மடிக்கணினியோடு வாசலில் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "சார், ஒரு தப்பு நடந்துடுச்சு. என்னாலதான்" என்றார். நடந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, சொல்லுங்க" என்றேன்.

தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.